சின்னத்திரை மருத்துவமும் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவும்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் உறவினர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் சில, ஆண்டுகள் பல சென்றும் மாறுவதில்லை. "ஏனுங்க டாக்டர், கரண்ட் வெச்சுப் பாத்தீங்களா?" "இருபத்து நாலு மணி நேரம் தாண்டிட்டா இனிப் பயமில்லைங்களா?" "மெசினை எடுத்துப்போட்டா உசுரு இருக்குமுங்களா?" இவற்றின் பின்னே உள்ள அச்சமும் அன்பும் உண்மையானவை. அவற்றுக்குக் கேள்வி வடிவம் கொடுத்தது மட்டும் பெரும்பாலும் தொலைக்காட்சி. ஆகவே, திரையில் காணும் மருத்துவத்துள் எது சரி, எது பிழை என்பதை இந்த இதழில் நம் நோயாளிகளோடும் அவர்தம் குடும்பத்தாரோடும் பேச விழைகிறோம்.

மருத்துவமனையையே களமாகக் கொண்ட கதைகள் தமிழுக்குப் புதியவை அல்ல. ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' 1962-இல் வந்தது, கே. பாலசந்தர் இயக்கிய முதல் படமான 'நீர்க்குமிழி' 1965-இல் வந்தது. 2024-இல் இணையவழி வெளியான 'ஹார்ட் பீட்' தொடர் பயிற்சி மருத்துவர்களின் வாழ்வைக் கதையாக்கியது. இவை ஒருபுறமிருக்க, நாள்தோறும் மாலையில் ஓடும் குடும்பத் தொடர்களில் யாரேனும் ஒருவர் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்காத வாரம் அரிது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் படப்பிடிப்பு நடப்பதை நேரில் பார்த்துப் பழகியவர்கள் நம்மவர்கள். சண்டைக் காட்சியில் அடிபடுவது பொய் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆயினும் மருத்துவமனைக் காட்சியை மட்டும் அவ்வாறு ஐயுறுவதில்லை.

திரைக்கதைகளில் வரும் மருத்துவம் முழுவதும் தவறு என்று நாங்கள் சொல்ல மாட்டோம். 2012-இல் ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு 55 வயதுள்ள ஒருவர் கடும் இதயச் செயலிழப்போடு வந்தார். காய்ச்சல் இருந்தது, செவித்திறன் குன்றியிருந்தது, தைராய்டு சுரப்பும் குறைந்திருந்தது. இவை அனைத்தையும் இணைக்கும் காரணம் எளிதில் புலப்படவில்லை. அங்கிருந்த பேராசிரியர் யூர்கன் ஷேஃபர், 'ஹவுஸ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைத் தம் மாணவர்களுக்குப் பாடம் நடத்தப் பயன்படுத்தி வந்தவர். அத்தொடரின் ஒரு பகுதியில் இதே போன்ற நோயாளி ஒருவர் வருகிறார். செயற்கை இடுப்பு மூட்டிலிருந்து தேய்ந்து இரத்தத்தில் கலந்த கோபால்ட் உலோகமே அவரது நோய்க்குக் காரணம். மார்பர்க் நோயாளியும் இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்தான். பரிசோதித்ததில் இவருக்கும் கோபால்ட் நஞ்சேற்றம் உறுதியாயிற்று. அந்த மூட்டை மாற்றிய பின் இதயத்தின் இயக்கம் ஓரளவு தேறியது. 2014-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் இதை வெளியிட்டது.

நோயின் பெயர், அறிகுறிகள், மருந்து ஆகியவற்றை நல்ல தொடர்கள் மருத்துவர்களைக் கலந்துகொண்டே எழுதுகின்றன. பிழை பெரும்பாலும் வேறிடத்தில் நிகழ்கிறது. திரை, காலத்தைத் தன் வசதிக்கு ஏற்ப வளைக்கிறது. ஓட வேண்டிய இடத்தில் நின்று வசனம் பேசுகிறது. காத்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு நொடியில் கண் திறக்கச் செய்கிறது. குடும்பத்தாரின் முடிவுகள் தடம் மாறுவதும் பெரும்பாலும் இந்தக் கணக்கினால்தான்.

முதலில் அந்த "கரண்ட்". திரையில் இதயத்துடிப்புக் கோடு நேர்கோடாகிறது; நீண்ட ஒலி எழுகிறது; மருத்துவர் இரு தகடுகளை மார்பில் வைக்கிறார்; உடல் ஓரடி துள்ளுகிறது; துடிப்பு திரும்புகிறது. உண்மையில், நேர்கோட்டுக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதில்லை. இதயத்தின் கீழறைகள் ஒழுங்கின்றிப் படபடவென நடுங்கும் நிலை ஒன்று உண்டு. அந்தத் தாறுமாறான மின்னோட்டத்தை ஒரு கணம் நிறுத்தி, இதயம் தன் இயல்பான தாளத்தைத் தானே மீட்டுக்கொள்ள வழி செய்வதே மின்னதிர்ச்சி. மின்னோட்டமே அற்றுப்போன இதயத்தில் நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. அங்கு எங்களுக்கு உள்ள வழி, மார்பை அழுத்தும் இதய மீட்புச் சிகிச்சையும், அட்ரினலின் மருந்தும், துடிப்பு நின்றதன் காரணத்தைத் தேடித் தீர்ப்பதுமே. "கரண்ட் வைக்கவில்லை" என்றால் முயலவில்லை என்று பொருளன்று.

மார்பழுத்தத்தையும் திரை மென்மையாக்கிவிடுகிறது. நடிகரின் மார்பை உண்மையாக அழுத்த இயலாது. ஆகவே முழங்கையை மடக்கி மெல்லத் தட்டுகிறார்கள். உண்மையில் பெரியவர்களுக்கு மார்பெலும்பின் நடுவே குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, கைகளை நேராக நீட்டி அழுத்த வேண்டும். விலா எலும்பு முறிவதும் உண்டு. அழுத்துபவர் இரண்டே நிமிடங்களில் களைத்துவிடுவார். அதனால்தான் ஆள் மாற்றி ஆள் நிற்கிறோம்.

1996-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு புகழ்பெற்ற ஆய்வு வந்தது. 'ஈ.ஆர்.', 'சிகாகோ ஹோப்', 'ரெஸ்க்யூ 911' ஆகிய அமெரிக்கத் தொடர்களில் இதய மீட்புச் சிகிச்சை பெற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். உடனடியாக உயிர் மீண்டோர் 75 விழுக்காடு. பிழைத்து வீடு திரும்பியதாகத் தோன்றியோர் 67 விழுக்காடு. இன்றைய வளர்ந்த நாடுகளிலேயே, மருத்துவமனைக்குள் இதயம் நின்றவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவரும், வெளியே நின்றவர்களுள் பத்தில் ஒருவருமே வீடு திரும்புகின்றனர். இதைச் சொல்வது நம்பிக்கையைக் குலைப்பதற்காக அன்று. வீட்டில் ஒருவர் மூச்சின்றிச் சாய்ந்தால் 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை பக்கத்தில் இருப்பவர் மார்பை அழுத்திக்கொண்டே இருந்தால், பிழைக்கும் வாய்ப்பு பெருமளவு கூடும். அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் சேரும்.

துடிப்பு மீண்ட பிறகு நடப்பது நேர்மாறானது. அங்கே எல்லாமே மெதுவாக நிகழும். மூளை எந்த அளவுக்குத் தேறும் என்பதை உறுதியாகச் சொல்ல, குறைந்தது 72 மணி நேரமேனும் காத்திருக்கிறோம். திரையில் வரும் 24 மணி நேரக் கெடு எங்கிருந்து வந்ததோ அறியோம். எந்த நோய்க்கும் அதுவே பொருந்தும்படி வைத்துவிட்டார்கள்! நினைவு திரும்புவதும், மனைவியின் குரல் கேட்டுக் கண் விழித்து உடனே பெயர் சொல்லி அழைப்பதாக அமைவதில்லை. பல நாட்கள் மயக்கத்தில் இருந்தவர் விழிக்கையில் குழம்பிப் பேசலாம். பெற்ற மகளையே அடையாளம் தெரியாமல் திட்டலாம். மூக்கிலுள்ள குழாயைப் பிடுங்கலாம். முதன்முதலாகப் பார்க்கும் குடும்பத்தார் இதைக் கண்டு, மூளை கெட்டுவிட்டது என்று கலங்குகிறார்கள். தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ஏற்படும் இந்தச் சித்தக் குழப்பம் பெரும்பாலும் நாளடைவில் தெளியும். நீங்கள் செய்யத்தக்க உதவியும் உண்டு. அவருடைய மூக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் கொண்டுவந்து கொடுங்கள். பார்க்க வரும்போது இன்று என்ன கிழமை, இது எந்த இடம், நீங்கள் யார் என்பதை மெல்ல எடுத்துச் சொல்லுங்கள்.

மாரடைப்பைத் திரை காட்டும் விதமும் கவலைக்குரியது. அதிர்ச்சிச் செய்தி கேட்ட பெரியவர் இடது மார்பைப் பற்றிக்கொண்டு சாய்கிறார். மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவது. இதயம் நின்றுபோவது வேறு. மாரடைப்பு வந்தவர் பெரும்பாலும் நடந்தே வருகிறார். நெஞ்சின் நடுவே கல்லை வைத்தாற்போல் ஓர் அழுத்தம், வியர்வை, தாடையிலோ இடது கையிலோ பரவும் வலி என்பதாக அது இருக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சிரைப்பும் களைப்பும் மட்டும் இருக்கலாம். திரையில் பார்த்ததுபோல் இல்லாததால், "கேஸ் டிரபுள்" என்று சோடாவும் ஓமத்தண்ணீரும் குடித்துவிட்டு விடியும் வரை படுத்திருப்பவர்கள் உண்டு. அடைப்பைக் கரைக்கும் ஊசி முதல் சில மணி நேரத்தில் நன்கு பலன் தரும்; 12 மணி நேரம் கடந்தால் பயன் மிகவும் குறைந்துவிடும். வால்பாறை எஸ்டேட்டில் இருப்பவர் 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் சமவெளிக்கு இறங்க வேண்டும். அவர் ஓமத்தண்ணீருக்குக் கொடுக்கும் இரண்டு மணி நேரம் திரும்பக் கிடைக்காது. ஐயம் எழுந்தவுடன் அருகில் உள்ள மருத்துவமனையில் ஓர் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

பக்கவாதமும் இவ்வாறே. பழைய படங்களில் தந்தையின் கை ஒரு காட்சியில் விழுந்தால் படம் முடியும் வரை விழுந்தே கிடக்கும். இரத்த அடைப்பினால் வந்த பக்கவாதத்துக்கு, தகுதியுள்ள நோயாளிகளுக்கு நாலரை மணி நேரத்துக்குள் கரைப்பு மருந்து கொடுக்க இயலும் என்பதைத் திரைக்கதை இன்னும் அறிந்துகொள்ளவில்லை. வாய் கோணியதையும் பேச்சு குழறியதையும் நீங்கள் எப்போது கண்டீர்கள், கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதே நாங்கள் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.

நினைவிழப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தலையில் ஒரு முறை அடிபட்டால் தன் பெயரே மறந்துபோவதும், மறுமுறை அடிபட்டால் அனைத்தும் திரும்புவதும் கதைக்கு வசதியானவை. விதிவிலக்காக 2012-இல் வந்த 'நடுவுல கொஞ்சம் பக்கத்தக் காணோம்' படத்தைச் சொல்வோம். கிரிக்கெட் ஆடுகையில் தலையில் அடிபட்ட இளைஞன், அண்மைக் காலத்து நிகழ்வுகளை மட்டும் மறந்து, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறான். ஒளிப்பதிவாளர் சி. பிரேம்குமாருக்கு நேர்ந்ததை அடிப்படையாகக் கொண்டது அக்கதை. தலைக்காயத்துக்குப் பின் நாங்கள் காணும் நினைவிழப்பும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும். எல்லோரும் சிரித்துப் பார்த்த அந்தப் படமே, கண்ணீர் வடித்துப் பார்த்த பல படங்களைவிட மருத்துவத்துக்கு நெருக்கமாக இருந்தது.

இனி, ஆனைமலைக்காரர்களாகிய நமக்கு மிக நெருங்கிய ஒன்று. பாம்பு கடித்த காலைத் துணியால் இறுகக் கட்டி, கத்தியால் கீறி, வாயால் நஞ்சை உறிஞ்சித் துப்பும் காட்சியைப் பார்க்காதவர் நம்முள் யாரும் இரார். இம்மூன்றும் தவறு. உறிஞ்சுவதால் நஞ்சு வெளிவருவதில்லை. கீறினால் இரத்தப்போக்கு மிகும். விரியன் கடியில் இரத்தம் உறையும் திறனே குன்றியிருக்கும் ஆதலால் அது நிற்காமலும் போகலாம். இறுகக் கட்டினால் கால் அழுகக்கூடும். செய்ய வேண்டியவை குறைவு: கடிபட்டவரைப் படுக்க வைத்து, கடிபட்ட உறுப்பை அசையாதவாறு ஒரு மட்டையோ பலகையோ வைத்துத் தளர்வாகக் கட்டி, மோதிரம், மெட்டி, கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டாம். அதைத் தேடும் முயற்சியில் இன்னொருவர் கடிபடுவார்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிராகச் செயல்படும் முறிவு மருந்து ஒன்றே. அதைத் தயாரிக்கத் தேவையான நஞ்சின் பெரும்பகுதியைச் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தருகிறது. நம் மலைக்காடுகளில் உள்ள ராஜநாகத்தின் நஞ்சுக்கும் குழிவிரியன்களின் நஞ்சுக்கும் என இம்மருந்து செய்யப்படவில்லை. கடித்த பாம்பைக் கண்டவர்கள் அதன் நிறத்தையும் நீளத்தையும் தலையின் வடிவத்தையும் சொன்னாலே எங்களுக்கு உதவியாக இருக்கும்.

இந்நான்கில் கட்டுவிரியனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. இது பெரும்பாலும் இரவில், தரையில் படுத்து உறங்குபவரைக் கடிக்கும். வலி இராது, பல் பதிந்த தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, பிறகு இமைகள் தாமே சரியும், விழுங்க இயலாது, பேச்சு குழறும், மூச்சு நிற்கும். நஞ்சு நரம்பு முனைகளைத் தாக்கிவிட்ட பிறகு முறிவு மருந்தால் அதை முழுதாகத் திருப்ப இயலாது. நரம்பு முனைகள் தாமே சீராகும் வரை வென்டிலேட்டர் எனும் செயற்கைச் சுவாசக் கருவிதான் அவருக்காக மூச்சுவிட வேண்டும். சிலருக்கு இரண்டு மூன்று நாட்கள்; சிலருக்கு ஒரு வாரத்துக்கும் மேல். அந்நாட்களில் அவர் கை அசைக்க மாட்டார். கண் திறக்க மாட்டார். கண்ணில் ஒளி பாய்ச்சினாலும் பாவை சுருங்காமல் இருக்கலாம். பார்ப்பவர் கண்ணுக்கு உயிர் போனவர் போலவே கிடப்பார். ஆனால் உள்ளே அவருக்கு நினைவு இருக்கக்கூடும். நாம் பேசுவது அவர் காதில் விழக்கூடும்!

இந்த நிலையில்தான் உறவினர் ஒருவர் 'ரமணா' படத்தை நினைவுகூர்கிறார். 2002-இல் ஏ.ஆர். முருகதாஸ் இயக்கத்தில் விஜயகாந்த் நடித்த அப்படத்தில், ஏற்கெனவே இறந்தவரின் உடலைக் கதாநாயகன் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறான். அவர்களோ உயிர் இருப்பதுபோல் சிகிச்சை நடத்திப் பணம் பறிக்கிறார்கள். மருத்துவச் செலவால் நொந்த மக்களின் கோபத்தில் நியாயம் இல்லாமல் அப்படம் அவ்வளவு ஓடியிராது. அந்தக் கோபத்தை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் அதன் விளைவாக, வென்டிலேட்டர் என்றாலே பிணத்துக்குச் செய்யும் வைத்தியம் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. கட்டுவிரியன் கடித்து மூச்சு நின்ற ஓர் இளைஞனை, "இனி ஒண்ணுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோயிடறோம்" என்று கருவியை எடுக்கச் சொன்னால், நாலு நாளில் எழுந்து நடக்கக்கூடியவர் வழியிலேயே இறந்துவிடுவார்.

ஐயம் எழுந்தால் எதைக் கொண்டு தெளிவது? இதயம் நின்றுவிட்ட உடலுக்குள் கருவி காற்றை ஏற்றி இறக்கலாம். ஆனால் அவ்வுடல் சில மணி நேரத்தில் குளிர்ந்து விறைத்துவிடும். கையைத் தொட்டுப் பாருங்கள். கட்டிலருகே உள்ள திரையில் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் காட்டச் சொல்லுங்கள். சிறுநீர் எவ்வளவு வந்துள்ளது என்று கேளுங்கள். எந்த நோய்க்காகக் கருவி வைக்கப்பட்டது, அந்த நோய் மீளக்கூடியதா, நேற்றைக்கு இன்று கருவியின் உதவி குறைந்துள்ளதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மருத்துவக் குறிப்புகளின் நகலை எழுத்து மூலம் கோரினால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002-ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க விரும்பினால் தயங்காமல் சொல்லுங்கள். நாங்கள் அதனை அவமதிப்பாகக் கருதுவதில்லை.

மூளைச்சாவு இவற்றிலிருந்து வேறுபட்டது. மூளைத்தண்டு உட்பட மூளை முற்றிலும் செயலிழந்துவிட்டது. கருவியின் உதவியால் உடல் வெதுவெதுப்பாக இருக்கிறது. இதயம் சிறிது காலம் துடிக்கிறது. ஆழ்மயக்கத்தில் இருப்பவர் மீளலாம். மூளைச்சாவு அடைந்தவர் மீள்வதில்லை. திரையில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழம்புவதால், குடும்பத்தார் அதிசயத்துக்குக் காத்திருக்கிறார்கள், அல்லது எங்களை ஐயுறுகிறார்கள். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி, உறுப்பு தானத்துக்காக ஒருவருக்கு மூளைச்சாவு என்று சான்றளிக்க நால்வர் கொண்ட மருத்துவர் குழு வேண்டும். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரு முறை சோதிக்க வேண்டும். கருவியை விலக்கித் தாமாக மூச்சு எழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். மயக்க மருந்தோ நஞ்சோ இந்நிலைக்குக் காரணமன்று என்று உறுதி செய்யாமல் அச்சோதனையைத் தொடங்கவே கூடாது. ஆகவே கட்டுவிரியன் நஞ்சால் அசைவற்றுக் கிடப்பவருக்கு அச்சோதனை பொருந்தாது.

2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற சிறுவனின் உறுப்புகளை, மருத்துவர்களான பெற்றோர் தானமாக அளித்தனர். சென்னைப் போக்குவரத்தை விலக்கி, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அவனது இதயத்தைச் சுமார் 11 நிமிடங்களில் கொண்டு சேர்த்தார்கள். ஒரு சிறுமிக்கு அது பொருத்தப்பட்டது. அந்நிகழ்வின் சாயலில் எடுக்கப்பட்ட மலையாளப் படத்தின் தமிழாக்கமே 2013-இல் வந்த 'சென்னையில் ஒரு நாள்'. காலத்தின் அருமையைத் திரை சரியாகக் காட்டிய ஓர் இடம் அது.

இறுதியாக, விபத்தில் அடிபட்டவரைத் தூக்கி வந்தவரிடம், "இது போலீஸ் கேஸ், எஃப்.ஐ.ஆர். இல்லாமல் தொட மாட்டோம்" என்று மருத்துவர் சொல்லும் காட்சி இன்றும் தொடர்களில் வருகிறது. 1989-லேயே உச்ச நீதிமன்றம், அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் முதலில் உயிர் காக்கும் சிகிச்சை, பிறகே சட்ட நடைமுறை என்று தீர்ப்பளித்துவிட்டது. உதவ வந்தவர் தம் பெயரைச் சொல்லக் கட்டாயமில்லை, அவரைப் பிடித்து வைக்கவும் கூடாது என்பதற்கு 2016-இல் அதே நீதிமன்றம் ஏற்பளித்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அவருக்குப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. 2021 டிசம்பர் முதல் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்கீழ், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. பொள்ளாச்சிச் சாலையிலோ ஆழியாறு வளைவிலோ யாரேனும் விழுந்து கிடக்கக் கண்டால், 108-ஐ அழைத்துவிட்டு அவருடன் நில்லுங்கள். கழுத்தைத் திருப்பாமல், தலையைத் தூக்கி மடியில் வைக்காமல், தண்ணீர் புகட்டாமல் இருங்கள். இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடித்திருங்கள்.